பரவாயில்லை என்பதை நான் மொழிபெயர்த்த விதம்

என் கணவருடைய மூக்கில் ஒரு குறையும் இல்லை. சளி இல்லை, பீனிசம் இல்லை, குறட்டைகூடக் கிடையாது. ஆனாலும் அந்த மூக்குக்குள் அடிக்கிற ஒரு மருந்துக்காக, போன வருடம் மாதக்கணக்காக, ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சனில் இருந்துகொண்டு எசன், போஹும், டோர்ட்முண்ட் என்று ஒவ்வொரு கிளினிக்காகத் தொலைபேசியில் கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு வராத வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம், அவருக்கு மூக்குக்குள் மருந்து, நல்ல பொருத்தம்தான் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்த நாட்களும் உண்டு. சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

நோய் மூக்கில் இல்லை, மனதில். டொக்டர்மார் அதை டிப்ரெஷன் என்றார்கள். மனச்சோர்வு என்று தமிழில் எழுதுகிறார்கள், ஆனால் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்களிடம் இதற்கு இருப்பது ஒரே சொல், விசர். பைத்தியம் என்றுதான் அதற்கு அர்த்தம். அதனால் நான் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை.

அது தொடங்கி நான்கு வருடம் இருக்கும். காரணம் என்ன என்று டொக்டரும் கேட்டார், நானும் கேட்டேன். காரணம் என்று ஒன்று இருந்திருந்தால் அதன் கழுத்தைப் பிடித்து உலுப்பியிருப்பேன். ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருடம் இரும்புப் பட்டறையில் வேலை செய்த மனிதர், தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவரோடுகூடச் சண்டை பிடிக்கிற மனிதர், ஒரு காலையில் ஒரு காலில் சொக்ஸ் போட்டுக்கொண்டு மற்றதைக் கையில் வைத்தபடி கட்டிலில் இருந்தார். நான் வேலைக்குப் போய் மத்தியானம் திரும்பி வந்தபோதும் அந்தச் சொக்ஸ் கையில்தான் இருந்தது. “என்னப்பா இது?” என்று கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “போடோணும்,” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வேலை போயிற்று, நண்பர்கள் போனார்கள், கோவிலுக்குப் போவது நின்றது. எல்லாவற்றுக்கும் முதலில் போனது அவருடைய டொய்ச். ஜேர்மன் மொழியை எங்கள் வீட்டில் டொய்ச் என்றுதான் சொல்லுவோம். பட்டறையில் போர்மனையே மடக்கிப் பேசியவர், டொக்டரின் அறையில் ஒரு சொல் டொய்ச்சில் பேசமாட்டார். கேள்வி வந்தால் என் முகத்தைப் பார்ப்பார். அவருக்கு விளங்குவதும் நின்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் மொழிபெயர்க்க நான்தான். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன், அங்கே கிழவிகளோடு பேசிப் பேசி என் டொய்ச் வாய் நன்றாகவே நீளும்.

எங்கள் ஊரில் ஒரு நரம்பு டொக்டர் இருந்தார். வயதானவர், நல்ல மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க டெர்மின் தருவார், ஒவ்வொரு டெர்மினும் எட்டு நிமிடம். முதலில் ஒரு மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, தந்தார், அது ஒன்றும் செய்யவில்லை. பிறகு வேறொரு குளிசை. ஒவ்வொரு முறையும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “எப்படி இருக்கிறீர்கள்?”

நான் திரும்பிக் கேட்பேன். “என்னப்பா, எப்பிடி இருக்கெண்டு கேக்கிறார்.”

அவர் யோசிக்காமல் சொல்லுவார். “பரவாயில்லை.”

நான் டொக்டரைப் பார்த்துச் சொல்லுவேன். “பெஸ்ஸர்.”

பெஸ்ஸர் என்றால் முன்னையைவிட நல்லது என்று அர்த்தம். டொக்டர் தலையாட்டிக்கொண்டே கணினியில் தட்டுவார். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். கூடவே நானாகச் சேர்த்து, “சாப்பாடும் கொஞ்சம் சாப்பிடுகிறார்,” என்பேன். அவர் சாப்பிட்டது நான் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதால். அதை நான் சொல்லவில்லை. பொய் சொல்லுகிறேன் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. பரவாயில்லைக்கு அந்த நேரத்தில் என் வாயில் வந்த சொல் அதுதான். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தது.

போன வருடம் வசந்தத்தில், இதே கேள்வி, இதே பதில் எல்லாம் முடிந்தபிறகு டொக்டர் எழுந்து கை நீட்டி, “முன்னேற்றம் இருக்கிறதே, நல்லது, மூன்று மாதத்தில் பார்ப்போம்,” என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே ஓவென்று அழத் தொடங்கிவிட்டேன். ஒரு கிழமையாக, ஏழு நாளும், என் கணவர் தலை வாரவில்லை, முகம் வழிக்கவில்லை, யன்னல் பக்கம் ஜாக்கெட்டோடு இருந்தவர் இருந்தபடியே. மறுபடியும் மூன்று மாதம் நான் என்ன செய்வேன்? டொக்டர் பயந்துபோனார். என்னை இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தார். அப்போதுதான் அந்த ஸ்ப்ரேயைப் பற்றிச் சொன்னார். இரண்டு மருந்து கொடுத்தும் கேட்காதவர்களுக்கு ஒரு மூக்கு ஸ்ப்ரே வந்திருக்கிறது, குளிசையோடு சேர்த்துக் கொடுப்பார்கள், சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது. “ஆனால் நான் இங்கே கொடுக்க முடியாது. அடித்த பிறகு இரண்டு மணித்தியாலம் ஆளைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளினிக்தான். அருகில் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.”

ஒரு சிபாரிசுக் கடிதத்தை அச்சடித்துத் தந்தார். தேடிப் பாருங்கள் என்பது அவர் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது! என்னவோ அடுத்த தெருவில் பாண் வாங்கச் சொல்லுகிற மாதிரி.

இணையத்தில் தபால் எண்ணைப் போட்டால் பட்டியல் ஒன்று வந்தது. அதை வேலை அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சலவைக்கூடத்தில் பத்தரை மணிக்கு எங்களுக்கு இடைவேளை. மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போக, நான் காயவைக்கும் இயந்திரங்களின் சத்தத்துக்குள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போன் எடுத்தேன். முதலாவது கிளினிக்கில் என்னிடம் நோயைக் கேட்கவில்லை, தபால் எண்ணைக் கேட்டார்கள். அந்தத் தெருவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். மனநோய்க்கு ஊரைக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள், நான் அதுவரை அறியவில்லை. எங்கள் தெருவுக்குப் பொறுப்பான கிளினிக்கில், உள்ளே படுத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் ஸ்ப்ரே என்றார்கள். இன்னோர் இடத்தில், சாய்நாற்காலிகள் இருக்கின்றன, பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் இல்லாததால் நிறுத்திவிட்டோம் என்றார்கள். இன்னொன்றில் காத்திருப்போர் பட்டியல் மூடியிருந்தது. “அந்தப் பட்டியல் எப்போது திறக்கும்?” என்றேன். “அதற்கு ஒரு பட்டியல் இல்லை,” என்றாள் அந்தப் பெண், மிக மரியாதையாக. போனை வைத்துவிட்டு நான் தமிழில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆனால் அலைந்ததில் சில விஷயங்களைப் படித்துக்கொண்டேன். முதல் ஒரு மாதம் கிழமைக்கு இரண்டு தரம் போக வேண்டும். அடிப்பதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் சாப்பிடக்கூடாது. முன்னும் பின்னும் பிரஷர் பார்ப்பார்கள். ஸ்ப்ரேயை நோயாளி தன் கையாலேயே அடித்துக்கொள்ள வேண்டும், தாதி பக்கத்தில் நிற்பார். கொஞ்ச நேரம் தலை சுற்றும், தன் உடம்பு தன்னுடையது இல்லை என்பது போல இருக்குமாம். அன்றைக்கு வாகனம் ஓட்டக்கூடாது. யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். “கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிறதா?” என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். “நான் இருக்கிறேன்,” என்றேன் எல்லா இடத்திலும். அதற்காக என் வேலை முறையை மாற்றித் தரும்படி கேட்டு, அதையும் வாங்கி வைத்தேன். ஆள் தயார், நேரம் தயார், மூக்கும் தயார். கிளினிக் மட்டும் இல்லை.

இதற்கிடையில் நான் இன்னொரு கூத்தும் பண்ணினேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ்க் கடை. அங்கே காசு வாங்கும் பெண் என்னைக் கண்டதும், “அக்கா, என்ன அண்ணையைக் கனகாலமாக் காணேல்லை?” என்றாள். நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். “அவருக்கு மூக்கிலை ஒரு பிரச்சினை. ஒரு ஸ்ப்ரே அடிக்க வேணும். அதுக்குத்தான் கிளினிக் தேடித் திரியிறன்.”

பொய் இல்லைத்தானே? ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பத்து நாளைக்குள் கெல்சென்கிர்ச்சன் தமிழ்ச் சனம் முழுக்க என் கணவரின் மூக்கைக் கையில் எடுத்துக்கொண்டது. ஒருவர் யூக்கலிப்டஸ் தைலம் கொண்டுவந்து தந்தார். ஒரு அக்கா போனில் அரை மணித்தியாலம் மஞ்சள் புகை பிடிக்கும் முறையைச் சொன்னார். கடைசியில் கடைக்காரப் பெண் ஓடி வந்து, “அக்கா, என்ரை தங்கச்சி எசனிலை ஒரு காது மூக்கு டொக்டரிட்டை வேலை. மூண்டு மாசம் காத்திருக்க வேணும், நான் சொல்லி நாளண்டைக்கு உங்களுக்கு டெர்மின் எடுத்திட்டன்!” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம். எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஏலாமல் போய்விட்டது.

கூட்டிக்கொண்டு போனேன். என்ன செய்ய? அவர் ஒன்றும் கேட்காமல் வந்தார். அந்த டொக்டர் ஒரு குழாயை விட்டு இரண்டு பக்கமும் பார்த்து, இப்படி ஒரு சுத்தமான மூக்கைப் பார்த்துக் கனகாலம் என்றார். வெளியே வந்து ட்ராமுக்கு நிற்கும்போது என் கணவர், “மூக்கு நல்லா இருக்கெல்லே,” என்றார். உதட்டின் ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்தது. அந்த வருடத்தில் அவர் சிரித்ததற்கு மிகக் கிட்டவாக வந்தது அது ஒன்றுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்மேல் ஆத்திரமும் வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கடையிலேயே யாராவது ஒரு நல்ல இடத்தைக் காட்டியிருக்கலாம். எங்கள் சனத்துக்குள்ளும் அந்த ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? அவர்களும் கேட்டவர்களுக்குப் பீனிசம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இலையுதிர் காலத்தின் நடுவில் எசனில் ஒரு கிளினிக் தானாகவே திருப்பிப் போன் எடுத்தது. யாரோ ஒருவர் டெர்மினை விட்டுவிட்டார், வர முடியுமா என்றார்கள். எங்கள் தெரு அவர்களுடைய கோட்டுக்குள் இல்லைத்தான், ஆனாலும் ஒருமுறை பார்க்கிறோம் என்றார்கள். நான் அன்றைக்கு சலவைக்கூடத்தில் மடித்த போர்வைகளை எல்லாம் மறுபடியும் மடித்தேன், கை ஓயவில்லை.

டொக்டர் ஒரு இளம் பெண். எங்களை இருக்கச் சொன்னாள். பழைய டொக்டர் அனுப்பிய கோப்பைத் திரையில் திறந்து வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய நெற்றி சுருங்கியது.

“இரண்டாவது மருந்தில் உங்கள் கணவருக்கு முன்னேற்றம் இருந்திருக்கிறதே,” என்றாள். “இங்கே எழுதியிருக்கிறது. பெஸ்ஸர். அடுத்த முறையும் பெஸ்ஸர். அடுத்ததிலும்.” விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். “பதினொரு தரம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். முன்னேற்றம் என்று சொன்னபடியால் டொக்டர் அந்தக் குளிசையின் அளவைக் கூட்டவே இல்லை. தொடக்கத்தில் கொடுத்த சின்ன அளவிலேயே இரண்டு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டார். ஸ்ப்ரே கொடுப்பதென்றால் இரண்டு மருந்துகளை முழு அளவில் கொடுத்துப் பார்த்துத் தோற்றிருக்க வேண்டும். காகிதத்தின்படி இரண்டாவது மருந்து தோற்கவில்லை. அது வெற்றி.

“வெற்றியா?” என்று நான் எழுந்துவிட்டேன். “இவரைப் பாருங்கள்! ஜாக்கெட்டைக் கழற்றவே எத்தனை தரம் சொன்னேன் தெரியுமா? இதுவா வெற்றி? எழுதினவருக்குக் கண் இல்லையா?”

அவள் கோபப்படவில்லை. அவரைப் பார்த்து மெதுவாக, “நீங்கள் சொல்லுங்கள், எப்படி இருக்கிறீர்கள்?” என்றாள்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். “பரவாயில்லை.”

நான் வாயைத் திறந்தேன். நாக்கு நுனியில் பெஸ்ஸர் தயாராக வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் இல்லாதது எழுதின டொக்டருக்கு இல்லை. அந்தப் பதினொரு பெஸ்ஸரும் என் வாயிலிருந்து வந்தது.

நான் திரும்ப நாற்காலியில் இருந்துவிட்டேன். பிறகு அவளுக்குச் சொன்னேன், அழுகையும் சொல்லுமாக. எங்களிடம் இப்படி ஒரு சொல் இருக்கிறது. கை வெந்தாலும் சொல்லுவோம், வேலை போனாலும் சொல்லுவோம், செத்த வீட்டில் நின்றுகொண்டும் சொல்லுவோம். அதற்கு நல்லது என்று அர்த்தம் இல்லை. கெட்டது என்றும் இல்லை. கேட்டதற்கு நன்றி, இனிக் கேட்காதீர்கள் என்றுதான் அர்த்தம். அது எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் முன்னேற்றம் என்று சொன்னேன். ஏனென்றால் எனக்கு முன்னேற்றம் வேண்டியிருந்தது.

அவள் பேனாவை வைத்தாள். பிறகு இரண்டு விஷயம் சொன்னாள். இன்றிலிருந்து குளிசையை முழு அளவுக்குக் கூட்ட வேண்டும், ஆறு கிழமை பார்க்க வேண்டும். அதிலும் கேட்காவிட்டால் ஸ்ப்ரேக்கு வழி இருக்கிறது. இரண்டாவது, அடுத்த முறை வேறொரு மொழிபெயர்ப்பாளர் வருவார். “நீங்கள் வெளியே இருக்க வேண்டும்,” என்றாள். “உங்களைத் தண்டிப்பதற்காக இல்லை.”

தண்டனை இல்லாமல் வேறென்ன? ட்ராமில் திரும்பி வரும்போது எதிரே இருந்த அவருடைய முழங்காலைத் தொட்டு, “என்னாலைதான் அப்பா. ரெண்டு வருசம் என்னாலை வீணாப் போச்சு,” என்றேன். அவர் வெளியே பார்த்தபடி, “விடும்,” என்றார். எனக்கு அந்த ஒரு சொல்லை எப்படி எடுப்பது என்றுகூடத் தெரியவில்லை. என் மொழியிலேயே என் மனிதரின் பேச்சு எனக்குப் பிடிபடாமல் போய்விட்டது.

அந்த ஆறு கிழமையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. குளிசை கூடியது. அவருக்கு வாய் உலர்ந்தது, கை கொஞ்சம் நடுங்கியது. வேறு எதுவும் நடக்கவில்லை. வெளியே நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது. நான் காலை வேலைக்குப் போகுமுன் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றி வைப்பேன், வந்து பார்த்தால் அதன்மேல் ஆடை படிந்திருக்கும். எப்படி இருக்கிறது என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். கேட்டால் அந்தச் சொல் வரும் என்று பயம்.

டிசம்பரில் மறுபடியும் எசன். மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழ்நாட்டுப் பெண், எங்களைவிட வயது குறைந்தவர், கழுத்தில் சால்வை. “வணக்கம் சார், நீங்க எதுனாலும் தயங்காம பேசலாம். உள்ள பேசுறது வெளிய போகாது,” என்றார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருடைய தமிழ் வேறு, எங்களுடைய தமிழ் வேறு, என் மனிதர் சொல்லுவது அவருக்கு எங்கே விளங்கப்போகிறது என்று மனதுக்குள் கறுவினேன். கதவு சாத்தினார்கள்.

நான் நடைக்கூடத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலம், அதற்கு மேலும் ஆயிற்று. என்னோடு வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பத்துச் சொல் பேசாத மனிதர் உள்ளே அவ்வளவு நேரம் என்ன பேசுகிறார்? கதவில் காது வைத்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. வெட்கக்கேடு, ஒருமுறை எழுந்தும் போனேன். தாதி ஒருத்தி வரவும் திரும்பி வந்து இருந்தேன்.

கதவு திறந்தபோது முதலில் வந்தது அந்த மொழிபெயர்ப்பாளர். கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் குனிந்து, “வரேங்கம்மா,” என்று சொல்லிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். பின்னால் டொக்டர் வந்து ஒரு காகிதத்தை என் கையில் தந்தாள். அவசரப் பிரிவின் தொலைபேசி. “எந்த நேரமும் எடுக்கலாம், எந்த நேரமும் கூட்டி வரலாம். அவரோடும் பேசியிருக்கிறேன், ஏதாவது கூடினால் உடனே சொல்லுவதாக வாக்குத் தந்திருக்கிறார்,” என்றாள். நான் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். என்ன கூடினால் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

வழியில் மட்டும் கேட்டேன். “என்ன கேட்டவை?”

“எல்லாம் கேட்டவை.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“சொன்னன்.”



புது வருடம் பிறந்து இரண்டாம் கிழமை கடிதம் வந்தது. பழைய டொக்டருக்கு எழுதியது, எங்களுக்கு ஒரு பிரதி. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். அவர் பக்கத்தில் வந்து இருந்தார். “என்னவாம்? வாசியும்,” என்றார்.

மூன்று பக்கம். நான் முதலில் கண்ணால் ஓடினேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு இடத்தில் கண் நின்றது. திரும்பவும் வாசித்தேன். அப்படியே அந்த இடத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே, கடைசியில், நாங்கள் மாதக்கணக்காகத் தேடியது இருந்தது. இரண்டாவது மருந்தும் முழு அளவில் பயன் தரவில்லை. ஸ்ப்ரே சிகிச்சைக்கு ஏற்றுக்கொள்ளப்படுகிறார். பெப்ரவரி முதல் கிழமையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும்.

“கிடைச்சிட்டுதப்பா!” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தொடக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். நோயாளியின் வயது, குளிசைகளின் பெயர், ஆறு கிழமை, பிரஷர், எல்லாம். “செவ்வாயும் வெள்ளியும். பத்து மணிக்கு. காலமை சாப்பிடக்கூடாது. நான் வேலையிலை சொல்லிப்போட்டன், ரெண்டு நாளும் நான் வாறன். அவ்வளவுதான். நல்ல கடிதம்.”

அவர் என் கையிலிருந்து காகிதத்தை எடுக்கவில்லை. நான் பிடித்திருந்தபடியே இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, நடுவில் விரலை வைத்தார்.

“இதை விட்டிட்டீர்,” என்றார்.

சரியாக அந்த வரி. விரல் ஒரு மயிரளவும் தவறவில்லை.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். “உங்களுக்கு டொய்ச் விளங்குதோ?”

“எப்பவும் விளங்கினதுதான். கதைக்கத்தான் ஏலாமல் போனது.”

“அப்ப அங்கை, அந்த டொக்டரிட்டை, நான் பெஸ்ஸர் பெஸ்ஸர் எண்டு சொல்லேக்கை எல்லாம்...” கடிதத்தை மேசையில் வைத்தேன். “ஏனப்பா ஒரு சொல் சொல்லேல்லை? வாயிலை என்ன கொழுக்கட்டையோ?” என்று கத்தியேவிட்டேன்.

“அதைச் சொல்லேக்கை உம்மடை முகம் நல்லா இருக்கும்,” என்றார். “நான் ஏன் அதைக் கெடுப்பான்.”

பிறகு விரலால் அந்த வரியை ஒருமுறை தட்டினார். “வாசியும்.”

“வேண்டாமப்பா.”

“அந்த மொழிபெயர்த்த பிள்ளைக்கும் டொக்டருக்கும் சொல்லிப்போட்டன். உமக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. நீர் வாசியும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

கண்ணில் நீர் நிறைந்து எழுத்துகள் கலங்கின. புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒரு சொல்லையும் கூட்டாமல், ஒரு சொல்லையும் குறைக்காமல், டொய்ச்சில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

“நோயாளி சொல்லுறார், நாலு வருசமாத் தனக்கு உயிரோடை இருக்க விருப்பம் இல்லையாம். இன்னும் இருக்கிறது ஒண்டுக்காக மட்டும்தானாம். தான் இல்லாமல் போனா, மனுசி டொக்டரிட்டையிருந்து வீட்டை தனியாத் திரும்பிப் போகவேண்டி வருமாம். அதை நினைக்க ஏலாதாம்.”

“ஓம்,” என்றார் அவர். “அப்பிடித்தான் சொன்னனான்.”